பிள்ளைகளின் கண்ணில் படுவது



இன்று வாசிக்கக் கேட்ட நற்செய்தி லூக்கா 21-ஆம் அதிகாரத்தின் ஐந்தாம் வசனத்தில் தொடங்குகிறது. எருசலேம் கோவிலைச் சிலர் வியந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். கற்கள் என்ன அழகு, நேர்ச்சையாக வந்த பொருட்கள் என்ன அழகு! வீட்டுக்குப் போனதும் விவிலியத்தை எடுத்து, அதற்கு முந்தின நான்கு வசனங்களையும் படித்துப் பாருங்கள். இடம் அதே கோவில்தான். பணக்காரர்கள் காணிக்கை போடுகிற இடத்தில் ஓர் ஏழைக் கைம்பெண் இரண்டு காசு போட்டுவிட்டுப் போகிறாள். இயேசு அவளைப் பார்க்கிறார், அவளைப் பற்றிப் பேசுகிறார். சுற்றியிருந்தவர்களோ அடுத்த மூச்சில் கற்களைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் தாய் தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு சில பிள்ளைகளும் நின்றிருப்பார்கள். தூண்களின் வேலைப்பாட்டைப் பார்க்க அவர்கள் அண்ணாந்து பார்க்க வேண்டும். அவர்களின் உயரத்துக்கு நேராகத் தெரிந்திருப்பது முன்னால் போகிறவரின் கிழிந்த முந்தானையும், காசை இறுக்கிப் பிடித்த கையும், செருப்பில்லாத காலும்தான். பெரியவர்கள் பார்க்காமல் விட்டதை அவர்கள் பார்த்திருப்பார்கள்.

திருத்தந்தை பிரான்சிஸ் தொடங்கிவைத்தபடி, 2017 முதல் பொதுக்காலத்தின் 33-ஆம் ஞாயிறை ஏழைகளின் உலக நாளாகக் கடைப்பிடிக்கிறோம். ஏழைகளுக்கு என்ன கொடுக்கலாம் என்று இந்த நாளில் பேசுவது வழக்கம். வின்சென்ட் தே பவுல் சபையார் அதை ஆண்டு முழுதும் சத்தமில்லாமல் செய்கிறார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு, இன்று வேறொன்றைப் பேச விரும்புகிறேன். நம் பிள்ளைகள் ஏழ்மையை எப்போது கண்டுகொள்கிறார்கள்? தன் வீட்டில் இருப்பது பக்கத்து வீட்டில் இல்லை என்று தெரிந்ததும், அல்லது பக்கத்து வீட்டில் இருப்பது தன் வீட்டில் இல்லை என்று தெரிந்ததும், அந்தப் பிள்ளைக்குள் என்ன நடக்கிறது? இதற்கு நம் தமிழ்க் கதைகளைவிட நல்ல சாட்சிகளை நான் அறியேன். திருப்பலியில் கதையா என்று யாரும் தயங்க வேண்டாம். நம் ஆண்டவரே கதை சொன்னவர்தான்.

அவர் சொன்ன கதைகளையும் உவமைகளையும் கவனித்துப் பாருங்கள். பழைய துணியில் புதுத் துணியை ஒட்டுப் போட்டால் கிழிசல் பெரிதாகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நடுராத்திரியில் விருந்தாளி வந்துவிட்டால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி மூன்று அப்பம் கடன் கேட்பது தெரிந்திருக்கிறது. ஒரே ஒரு காசு தொலைந்ததற்காக விளக்கேற்றி வீடு முழுக்கப் பெருக்கித் தேடும் பெண்ணையும் தெரிந்திருக்கிறது. குருவியின் விலைகூடத் தெரிந்திருக்கிறது. மத்தேயு நற்செய்தியில் ஒரு காசுக்கு இரண்டு குருவி. லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப் பார்த்தால் நான்கு வாங்கினால் ஒன்று கொசுறு! ஆட்டிறைச்சி வாங்க முடியாதவர்கள் வாங்கிய இறைச்சி அது. கடைக்கு அனுப்பப்பட்டு, கையில் இருக்கும் காசுக்கு என்ன வரும் என்று எண்ணிப் பார்த்த பிள்ளைக்குத்தான் இந்தக் கணக்கு மனத்தில் நிற்கும்.

இயேசு ஏழை வீட்டுப் பிள்ளை. அவரைக் கோவிலில் ஒப்புக்கொடுக்க வந்தபோது மரியாவும் யோசேப்பும் கொண்டுவந்தது ஆட்டுக்குட்டி அல்ல. அதற்கு வசதி இல்லாதவர்களுக்குத் திருச்சட்டம் அனுமதித்திருந்த ஒரு சோடிப் பறவைகள்தான். லூக்கா இதை மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார். நாசரேத்து வீட்டில் வளரும் வயதில் கண்ணில் பட்டதைத்தான் அவர் பிறகு மலையிலும் கடற்கரையிலும் சொன்னார் என்று நான் நம்புகிறேன். கொசுறாகப் போடப்பட்ட அந்த ஐந்தாவது குருவியையும் கடவுள் மறப்பதில்லை என்று சொல்ல, அந்தக் குருவியைக் கையில் வாங்கிய ஒருவர் தேவைப்பட்டார்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்று ஒரு கரிசல் கிராமம். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அங்கே பிறந்து நண்பர்களாக வளர்ந்தவர்கள். அழகிரிசாமி 1923-ல் பிறந்து 1970-ல் காலமானார். அதே ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அவருடைய 'அன்பளிப்பு' தொகுதிக்குக் கிடைத்தது. அவர் எழுதிய 'ராஜா வந்திருக்கிறார்' கதையை உங்களில் சிலர் படித்திருப்பீர்கள்.

கதை பிள்ளைகளின் போட்டியில் தொடங்குகிறது. புத்தகத்தைத் திறந்து யார் பக்கத்தில் படம் இருக்கிறது, யார் பக்கத்தில் இல்லை என்று விளையாடுகிறார்கள். படம் தீர்ந்ததும் போட்டி சட்டைக்கு வந்துவிடுகிறது. ராமசாமி பணக்கார வீட்டுப் பையன், பட்டுச் சட்டை வைத்திருக்கிறவன். எதிரே மங்கம்மாளும் அவள் உடன்பிறந்தவர்களும். அவர்கள் ஏழைகள். ஆனால் அந்தச் சிறுமி தோற்க மாட்டாள். அவன் ஒன்று சொன்னால் இவள் ஒன்று சொல்கிறாள். எந்தப் பள்ளிக்கூட வாசலிலும் இன்றும் கேட்கிற பேச்சுதான். ஏற்றத்தாழ்வு ஒரு பிள்ளைக்கு முதலில் இப்படித்தான் தெரியவருகிறது, எண்ணிக்கையாக. உன்னிடம் எத்தனை, என்னிடம் எத்தனை?

தீபாவளிக்கு முந்தின இரவு, தூறலில், எச்சில் இலையில் ஒட்டியிருந்ததை வழித்துத் தின்னும் ஒரு பையனைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். உடம்பெல்லாம் சிரங்கு. யாருமற்றவன். அவர்களின் தாய் தாயம்மாள் அவனை உள்ளே அழைத்துச் சோறு போடுகிறாள். அவன் பெயர் ராஜா. விடிந்ததும் தன் பிள்ளைகளுக்குச் செய்கிறது போலவே அவனுக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். பிறகு பிள்ளைகள் புதுத்துணி உடுத்துகிற நேரம் வருகிறது. ராஜாவுக்கு ஒன்றும் இல்லை. வீட்டில் மிச்சம் இருக்கிற ஒரே புதுத்துணி, கணவனுக்கென்று வாங்கி வைத்த துண்டு. தாயம்மாள் சட்டென்று எடுத்துக் கொடுத்துவிடவில்லை, தயங்குகிறாள். ஏழையின் தயக்கம் அது, அதை அழகிரிசாமி மறைக்கவில்லை. அந்தத் துண்டை அவனுக்குக் கொடுக்கச் சொல்வது மங்கம்மாள். பட்டுச் சட்டைக்குப் போட்டி போட்ட அதே மங்கம்மாள்!

அன்று ராமசாமியின் வீட்டுக்கு ஜமீன் வீட்டு மாப்பிள்ளை வந்திருக்கிறார். ஊரே ராஜா என்று அழைக்கும் மனிதர். அவன் அதைப் பெருமையாகச் சொல்ல, மங்கம்மாளும் தன் வீட்டுக்கு வந்திருக்கும் ராஜாவைச் சொல்லிப் பதில் கொடுக்கிறாள். இப்போதும் அவள் போட்டிதான் போடுகிறாள், குழந்தைதானே. ஆனால் பெருமைக்காக அவள் எடுத்து வைப்பது பொருள் அல்ல, தன் வீட்டில் சாப்பிட்டு, தன் தகப்பனின் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பையன். இந்த மாற்றத்தைச் செய்ய அவளுக்கு யாரும் மறைக்கல்வி எடுக்கவில்லை. அம்மா செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தாள், அவ்வளவுதான்.

சகோதர சகோதரிகளே, நான் சொல்ல வந்தது இதுதான். ஏற்றத்தாழ்வு பிள்ளைகளின் கண்ணில் படாமல் நம்மால் மறைக்க முடியாது. அவர்கள் பார்த்துவிடுவார்கள். பார்த்தபின் அது வெட்கமாக முடியுமா, கர்வமாக முடியுமா, உறவாக முடியுமா என்பது அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கும் பெரியவர் செய்வதைப் பொறுத்திருக்கிறது.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. அதே இடைசெவலிலிருந்து கி.ரா. எழுதிய 'கதவு' கதையில், பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கதவில் ஏறி பஸ் விட்டு விளையாடுகிறார்கள். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். தகப்பன் பிழைப்புக்கு வெளியூர் போயிருக்கிறார். கதவில்லாத வீட்டில் குளிர்காற்று புகுகிறது, கைக்குழந்தை இறந்துபோகிறது. பிறகு ஒருநாள் பிள்ளைகள் அந்தக் கதவைச் சாவடியருகே கண்டு ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார்கள். தீர்வை என்றால் என்ன, பாக்கி என்றால் என்ன, அவர்களுக்குத் தெரியாது. எது போனது என்பது மட்டும் தெரியும். வாடகை பாக்கிக்காகச் சாமான்களைத் தெருவில் வைத்த வீட்டுப் பிள்ளையும், இ.எம்.ஐ. கட்டாததால் அப்பாவின் வண்டியை ஆட்கள் வந்து எடுத்துப்போனதைப் பார்த்த பிள்ளையும் நம் மறைக்கல்வி வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

இன்னும் கிட்டே வருவோம். நம் சென்னையில் நடக்கும் கதை, மணிகண்டன் இயக்கி 2015-ல் திரைக்கு வந்த 'காக்கா முட்டை'. குடிசைப் பகுதியின் இரண்டு சிறுவர்கள். ரயில் பாதையோரம் சிந்திய கரியைப் பொறுக்கி விற்கிறவர்கள். அவர்கள் விளையாடிய இடத்தில் பீட்சாக் கடை வருகிறது. ஒரு பீட்சாவின் விலைக்குக் காசு சேர்த்துக்கொண்டு போகிறார்கள், காவலாளி உள்ளே விடவில்லை. நம் உடுப்புதான் காரணம் என்று நினைத்து, பாடுபட்டு நல்ல உடுப்புக்கும் வழி செய்துகொண்டு மறுபடி போகிறார்கள். அப்போதுதான் அடி விழுகிறது. கையில் காசு இருந்தது, மேலே நல்ல சட்டையும் இருந்தது. இரண்டும் போதவில்லை என்று ஒரு பிள்ளை தெரிந்துகொள்ளும் அந்த நொடியைப் பார்த்தபோது எனக்கு யாக்கோபு திருமுகத்தின் இரண்டாம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. தொழுகைக்கூடத்துக்குப் பொன் மோதிரம் போட்டவர் வந்தால் நல்ல இருக்கை, அழுக்குடை உடுத்தியவர் வந்தால் அங்கே நில், கீழே உட்கார். யாக்கோபு கண்டித்தது ஒரு பீட்சாக் கடையை அல்ல. ஆலயத்தை. நம்மைப்போல் கூடி நின்று செபித்தவர்களை.

ஆகவே பாமாவின் 'கருக்கு' பற்றிப் பேசாமல் இறங்கினால் நான் கடமை தவறியவன் ஆவேன். 1992-ல் வெளிவந்த அந்தத் தன்வரலாற்று நூல் ஒரு கத்தோலிக்கத் தலித் சிறுமியின் வாழ்க்கை. பள்ளிவிட்டு வரும் வழியில், தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் முதலாளியிடம் கொடுப்பதை அவள் பார்க்கிறாள். வேடிக்கையாக இருக்கிறது, சிரிப்பு வருகிறது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. ஏன் அப்படித் தூக்கினார் என்று விளக்குகிறான். அவள் சிரிப்பு நின்று கோபமாகிறது. ஏழ்மைக்கும் சாதிக்கும் உள்ள முடிச்சு ஒரு குழந்தைக்குப் புரிகிற இடம் அது. நம் நாட்டில் இரண்டையும் பிரித்துப் பேச முடியாது. வளர்ந்து, ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று கன்னியர் மடத்தில் சேர்ந்த அவர், அங்கே கண்டதைத் தாங்காமல் வெளியே வந்ததையும் எழுதியிருக்கிறார். நம் திருச்சபையைப் பற்றி அந்த நூல் சொல்வது சுடுகிறது, சுடத்தான் வேண்டும். குருக்களும் துறவியரும் அதைப் படித்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது நம் பங்கைப் பார்ப்போம். 1955 ஜனவரியில் இதோ பக்கத்தில் ஆவடியில்தான் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயமே நாட்டின் இலக்கு என்று தீர்மானித்தது. பிறகு ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வளர்ந்தது. தெற்கிலிருந்து நம் தாத்தாக்கள் டிரங்குப் பெட்டியோடு வந்து லேத்திலும் ஷிப்டிலும் உழைத்து, மனை வாங்கி, வீடு கட்டி, இந்த ஆலயத்துக்குச் செங்கல் சுமந்தார்கள். ஏழ்மையிலிருந்து ஏறி வந்த குடும்பங்கள் நாம். அதனால்தான் கேட்கிறேன். அந்த நாளை உங்கள் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறீர்களா? தாத்தா சைக்கிளில் போனார் என்பதைப் பிள்ளைகள் அறியக் கூடாத இரகசியமாகப் பல வீடுகளில் வைத்திருக்கிறோம்.

இன்று பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஏறினால் ஒரு பக்கம் செக்யூரிட்டி உட்கார்ந்த அடுக்குமாடிகள், அதன் பின்னால் ஒரே பாத்ரூமுக்கு ஐந்து குடும்பம் வரிசை நிற்கும் லைன் வீடுகள். இரண்டிலிருந்தும் பிள்ளைகள் நம் மறைக்கல்விக்கு வருகிறார்கள், ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். அவர்களில் ஒருத்தியின் அம்மா, மற்றவள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவராக இருக்கலாம். விடுமுறை நாளில் அம்மாவோடு போய் அந்த வீட்டின் வாசல்படியில் காத்திருந்தவள், ஞாயிறன்று அதே வீட்டுப் பிள்ளையின் தோளை உரசிக்கொண்டு உட்காருகிறாள். போன வருஷத்துக் கவுனை அந்த அம்மா நல்ல மனத்தோடுதான் கொடுத்திருப்பார்கள். ஆனால் வகுப்பில் பத்துப் பேர் முன்னால் "இது என் டிரஸ்" என்று ஒரு குரல் எழுந்தால், அந்தச் சிறுமி அதற்குப்பின் மறைக்கல்விக்கு வருவாளா?

தாயம்மாள் கொடுத்தது பழையது அல்ல. தன் வீட்டில் ஒருவருக்கென்று எடுத்து வைத்த புதியது. கழித்துக்கட்டியதைக் கொடுப்பதைப் பிள்ளைகள் பார்த்தால், ஏழைகள் என்றால் கழித்ததை வாங்கிக்கொள்ள இருப்பவர்கள் என்று கற்றுக்கொள்வார்கள். பங்கில் பழைய துணி சேகரிக்கும் பெட்டி இருக்கிறது, இருக்கட்டும். நல்ல துணிக்குப் பயன் வேண்டும்தான். ஆனால் இந்தக் கிறிஸ்துமசுக்கு உங்கள் பிள்ளைக்குத் துணி எடுக்கும்போது அதே கடையில், அதே தரத்தில் இன்னொன்று எடுங்கள். உங்கள் பிள்ளையே நிறம் தேர்ந்தெடுக்கட்டும். இரண்டு எடுக்க முடியாத வீடுகள் உண்டு. அவர்கள் ஒன்றோடு நிறுத்தட்டும். தம் பிள்ளை எதிரில் அதற்காக அவர்கள் குனிய வேண்டியதில்லை.

வெளியே அரசு செய்கிறது சில. 1956-ல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு, 2022-ல் காலை உணவு. பசியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்குச் சோறு கிடைக்க வேண்டும் என்று இந்த மாநிலம் மூன்று தலைமுறையாகப் பேசிக்கொண்டிருக்கிறது, அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். நம் பள்ளிகளைப் பற்றியும் ஒன்று. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுபான்மையினரின் உரிமையை நான் மதிக்கிறேன். ஆனால் மத்தேயு 25-ஆம் அதிகாரத்திலிருந்து எந்த நீதிமன்றமும் நமக்கு விலக்கு தரவில்லை. திருச்சபையின் பள்ளி வாசலில் நின்று, உள்ளே போகும் பிள்ளைகளைப் பார்க்கும் ஏழைப் பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது என்பதற்கு நாமே பொறுப்பு.

ஆலயத்துக்குள்ளும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது. கோவில் கற்களை வியந்தவர்கள் அந்தக் காலத்தோடு போய்விடவில்லை. நம் சுவர்களில், மின்விசிறிகளில், டியூப் லைட்டுகளில்கூட உபயதாரர் பெயர் இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிள்ளை திருப்பலி நேரத்தில் அதைத்தான் படிக்கிறது. தன் அப்பா பெயர் எங்கே என்று தேடுகிறது. இரண்டு காசு போட்டவளுக்கு லூக்காவே பெயர் எழுதவில்லை, ஆனால் ஆண்டவர் அவளைத்தான் பார்த்தார். இந்த ஆண்டு குடிலுக்கும் நட்சத்திரத்துக்கும் உபயம் தருகிறவர்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன், பெயர் போட வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். கிறிஸ்துமஸ் கலைநிகழ்ச்சியில் வேடத்துக்கான துணியை வாடகைக்கு எடுக்கப் பெற்றோரிடம் பணம் கேட்கக் கூடாது என்று மறைக்கல்வி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பணம் கொடுத்தவன் பிள்ளை மூன்று ஞானிகளில் ஒருவன், கொடுக்காதவன் பிள்ளை பின்னால் நிற்கும் ஆடு மேய்ப்பன் என்ற ஏற்பாடு வேண்டாம். பெத்லகேமில் முதலில் அழைக்கப்பட்டவர்கள் ஆடு மேய்ப்பவர்கள்தான் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் சிலர் தொழிற்பேட்டைத் தெருக்களில் பள்ளிக்குப் போகாமல் தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். தமிழ் தெரியாது என்பதால் எந்தப் பள்ளியில், யாரைக் கேட்பது என்று அந்தப் பெற்றோருக்கு விளங்குவதில்லை. இளைஞர் குழுவில் இந்தி தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். திருப்பலி முடிந்ததும் பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள். பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கூட்டிப்போய்ச் சேர்க்கும் வேலையை உங்களிடம் ஒப்படைக்க விரும்புகிறேன்.

கடைசியாக அன்பியப் பொறுப்பாளர்களுக்கு. இந்த வாரக் கூட்டத்தில் வழக்கமான பகிர்வுக்குப் பதில், 'ராஜா வந்திருக்கிறார்' கதையைப் பிள்ளைகளை நடுவில் உட்காரவைத்து வாய்விட்டுப் படியுங்கள். நல்ல குரல் உள்ளவர் படிக்கட்டும், நடுவில் நிறுத்தி விளக்க வேண்டாம். முடிந்ததும் பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: நம் தெருவில் ராஜா யார்? அவர்கள் சொல்கிற பெயர்களைக் குறித்துக்கொண்டு அடுத்த ஞாயிறு என்னிடம் தாருங்கள். பெரியவர்கள் யாரும் அந்தப் பட்டியலைத் திருத்த வேண்டாம்.

இப்போது எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.